கன்னத்துக்கு எடை தெரியாது

விலை உயர்ந்த சேஃப்டி ரேசரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்யும் காரியம், அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பது. நுரை போடவில்லை, பிளேடு மாட்டவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "என்ன கனம் பாருங்க சார்! பொருள்னா இதுதான் பொருள்." அடுத்து உலோகத்துக்கு வருவார்கள். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மரியாதை, டைட்டானியம் என்றால் பக்தி, துத்தநாகக் கலவையில் வார்த்தது என்றால் முகச்சுளிப்பு. பிறகு பளபளப்பு. முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும். கடைசியாக, "ஒரு தடவை வாங்கிப் போட்டால் பேரன் காலம் வரைக்கும் வரும்" என்ற வாசகம். ஒரு ரேசருக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு அந்த வாசகம் ரொம்பவே தேவைப்படும்.

கனம், உலோகம், மினுக்கு, ஆயுள் என்ற இந்த நாலும் சேர்ந்து, கேள்வி கேட்கக் கூடாத சித்தாந்தமாக இறுகிவிட்டன. புதிதாக வாங்க நினைப்பவர் யாரிடம் போய் விசாரித்தாலும் இதே பாட்டுதான். நல்ல ரேசருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் சண்டை. ஷேவ் நன்றாக அமைவதற்குக் காரணமான சங்கதி ரேசரின் தலைக்குள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. தராசில் போட்டாலும் அது தெரியாது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ரசித்தாலும் தெரியாது.

முதலில் கனம். "ரேசரின் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் அழுத்தாதீர்கள்." சேஃப்டி ரேசருக்கு மாறுகிற ஒவ்வொருவர் காதிலும் ஓதப்படும் மந்திரம் இது. இதில் பின்பாதி நல்ல புத்திமதி. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் பழகியவர்கள் கன்னத்தில் அழுத்தி இழுத்தே பழகியிருப்பார்கள். அந்தத் தலை வளைந்து கொடுக்கும், தாங்கும். அதே அழுத்தத்தை இருபுறமும் வெட்டும் ஒற்றை பிளேடில் காட்டினால் ரத்தம்தான். ஆகவே "அழுத்தாதே" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே, எடை என்று சொல்லிவைத்தார்கள். சொல்லிச் சொல்லி அது இயற்பியல் விதியாகவே ஆகிவிட்டது.

கண்ணாடி முன்னால் நிற்கும் மனிதனின் கன்னம் செங்குத்தாக இருக்கிறது. புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது. அப்படியானால் ரேசரின் எடை கன்னத்தை ஒட்டிக் கீழே இறங்குமே தவிர, பிளேடைத் தோலுக்குள் அழுத்தாது. தாடைக்கு அடியில் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே தோல் தரையைப் பார்த்து இருக்கிறது. எடை ரேசரைத் தோலிலிருந்து பிரித்து இழுக்கும். முடி வளரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாக ஓட்டும்போது எடை வெறும் முட்டுக்கட்டை. இந்த மூன்று இடத்திலும் ரேசரைத் தோலோடு சேர்த்துப் பிடித்திருப்பவை விரல்கள்தான். நூறு கிராம் ரேசரானால் அந்த நூறு கிராமையும் அவைதான் சுமக்கின்றன. சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கிடப்பவருக்கு வேண்டுமானால் எடை வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் சலூன்காரர் கையில் இருப்பதோ பாதி பிளேடைச் செருகிக்கொள்ளும் இலேசான கத்தி. நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிற அவர், "கனமாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

சந்தையில் இருக்கும் ரேசர்களையே வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கனடாவின் ஹென்சன் ஏஎல்13 அலுமினியத்தில் கடைந்தது, எடை சுமார் 37 கிராம். விமானத்துக்கும் விண்வெளிக்கும் உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்தவர்கள் செய்த ரேசர் அது. ஜெர்மனியின் மியூலே ஆர்89 சுமார் 64 கிராம். கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் நகரத்து மெர்க்கூர் 34சி 77 கிராமை ஒட்டி வரும். கனடாவிலிருந்தே வரும் ராக்வெல் 6எஸ் 115 கிராம் பக்கம். வேலையைச் செய்வது எடைதான் என்றால், ராக்வெல் மூன்று மடங்கு ஒட்ட மழிக்க வேண்டும். ஹென்சன் முடியைத் தடவிவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ஹென்சனில் ஷேவ் செய்தவர்கள், செய்வது தெரியாமலே செய்துவிட்டது என்கிறார்கள். கனம் கூடினால்தான் சவரம் என்பது, செம்பு கனமாக இருந்தால் தண்ணீர் இனிக்கும் என்பது போலத்தான்.

கனத்துக்கு ஆதரவாகக் கொஞ்சம் கௌரவமான வாதம் ஒன்றும் உண்டு. கனமான ரேசர் ஓட்டத்தில் நிதானமாக இருக்கும், தடித்த முடி தட்டும்போது துள்ளாது என்பார்கள். கைக்கு ஒரு நிதானம் கிடைப்பது வாஸ்தவம். சிலருக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் முடியில் மோதித் துள்ளுவது ரேசர் இல்லை, பிளேடின் விளிம்பு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டின் விளிம்பை மூடியும் அடித்தட்டும் எவ்வளவு நெருங்கிக் கவ்வியிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அது அதிர்வதும் அதிராததும். கவ்வும் இடம் விளிம்பை விட்டுத் தள்ளியிருந்தால், கைப்பிடியில் கால் கிலோ எஃகைக் கட்டித் தொங்கவிட்டாலும் விளிம்பு படபடக்கத்தான் செய்யும்.

இந்தத் தலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மூன்று துண்டு ரேசரைக் கழற்றினால் மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று பிரியும். மூடியைக் கவிழ்த்து வைத்தால் நடுவில் மரையிட்ட தண்டு ஒன்று நிற்கும். பிளேடை இடத்தில் நிறுத்தச் சிறு முளைகள் இருக்கும். பிளேடின் எடை ஒரு கிராம்கூடத் தேறாது. மேஜையில் வைத்தால் தட்டையாகக் கிடக்கிற அந்தத் தகட்டை, மூடியின் உட்புற வளைவின் மேல் வைத்து அடித்தட்டை மூடிக் கைப்பிடியை முறுக்கினால் வில்லாக வளைகிறது. விஷயம் முழுக்க அந்த வளைவில்தான். தட்டையாக இருந்தபோது சுண்டினால் ஆடிய விளிம்பு, வளைந்ததும் விறைத்து நிற்கிறது. மெல்லிய மலிவான தகட்டை வளைத்து இறுக்கி ஒரு கத்தியின் விறைப்பைக் கொண்டுவந்துவிடலாம் என்பதில்தான் கிங் கேம்ப் ஜில்லெட் தொடங்கிய தொழிலே நின்றது.

இப்போது ரேசரைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிளேடின் விளிம்புக்கும் கீழே உள்ள தடுப்புக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அது இடைவெளி. மூடியின் ஓரத்திலிருந்து தடுப்பின் ஓரத்துக்கு மனதுக்குள் ஒரு கோடு போட்டால், பிளேடு அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு அளவு. இந்த இரண்டோடு பிளேடு தோலைத் தொடும் கோணத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு ரேசரின் ஜாதகம் முடிந்தது. ஹென்சனில் பிளேடு நீட்டும் அளவு அங்குலத்தில் பத்தாயிரத்தில் 13 பங்கு, அதாவது சுமார் 0.033 மில்லிமீட்டர். பிளேடின் தடிமனிலேயே மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவு இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் ஒன்றாகவும் போய்விட்டால், ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் கடிக்கும். பட்டறையில் துல்லியத்துக்குக் கொடுக்கும் காசு இந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தை ஒரே அடியில் தீர்த்துவைக்கும் சாட்சி மியூலே கம்பெனியிடமே இருக்கிறது. ஆர்89, ஆர்41 என்று இரண்டு ரேசர்கள். இரண்டும் ஜெர்மனியின் ஸாக்ஸனி மாநிலத்து ஸ்ட்யூட்ஸன்க்ர்யூன் என்ற சின்ன ஊரிலிருந்து வருபவை. கைப்பிடி ஒன்று, உலோகம் ஒன்று, முலாம் ஒன்று, எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆர்89 முதல்முறை ஷேவ் செய்யும் பையனிடம் நம்பிக் கொடுக்கக்கூடிய சாதுவான ரேசர். சீப்புப்பல் தடுப்பு வைத்த ஆர்41 சந்தையில் கிடைக்கும் முரட்டு ரேசர்களில் ஒன்று. அனுபவம் உள்ளவர்களே மரியாதையாகக் கையாள்வது. கனமும் உலோகமும் மினுக்கும்தான் ஷேவைத் தீர்மானிக்கின்றன என்றால் இவை இரண்டும் இரட்டைப்பிள்ளைகளாக இருக்க வேண்டும். மாறியிருப்பது தலையின் வடிவம் மட்டும். இந்த ஒரு ஜோடியைப் பார்த்த பிறகும் எடையைப் பற்றிப் பேசுகிறவர்களை எதைக் கொண்டு தெளிய வைப்பது என்று தெரியவில்லை.

ரேசர் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஷேவை மாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்தபோதெல்லாம் கை வைத்தது இடைவெளியில்தான். 1958-இல் ஜில்லெட் கொண்டுவந்த, சேகரிப்பவர்கள் இன்றைக்கும் 'ஃபேட்பாய்' என்று கொண்டாடும் ரேசரில் கழுத்துப் பக்கம் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் உண்டு. வளையத்தைத் திருகினால் இடைவெளி கூடும், குறையும். எடை அப்படியே இருக்கும். ராக்வெல் 6எஸ் இரண்டு பக்கமும் பயன்படுத்தக்கூடிய மூன்று அடித்தட்டுகளோடு வருகிறது; ஆறு விதமான ஷேவ். அதிலும் மாறுவது அடித்தட்டின் வடிவம். கனமான கைப்பிடி, இலேசான கைப்பிடி என்று ஆறு தந்து "உங்கள் தோலுக்கேற்ற எடையைத் தேர்ந்தெடுங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை.

அடுத்தது உலோகம். இந்தப் பேச்சில் மிகவும் அடிபடுவது ஜமாக் என்ற துத்தநாகக் கலவை. சுமார் நாலு சதவீதம் அலுமினியம், துளி மெக்னீசியம், சிலவற்றில் கொஞ்சம் செம்பு, மீதி துத்தநாகம். நானூறு டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருகிவிடுவதால் அச்சில் வார்ப்பது சுலபம். நுணுக்கமான வளைவுகளையும் நன்றாக நிரப்பும். ஆர்89, மெர்க்கூர் 34சி இரண்டின் தலையும் இதில் வார்த்துக் குரோம் முலாம் பூசியவைதான். "வார்ப்புக் குப்பை" என்று இதை ஒதுக்குவது இப்போது நாகரிகமாகிவிட்டது.

இந்த இளக்காரத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் துத்தநாக வார்ப்புகள் சில வருஷத்தில் தாமாகவே உப்பி, விரிசல் விட்டு, உதிர்ந்துபோகும். கலவையில் கலந்திருந்த ஈயம் முதலான அசுத்தங்கள் உள்ளுக்குள்ளேயே அரித்ததுதான் காரணம். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் கலவையை உருவாக்கியதே அந்த நோய்க்கு மருந்தாகத்தான். நோய் தீர்ந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. கெட்ட பெயர் மட்டும் தீரவில்லை.

ஜமாக்குக்குக் குறையே இல்லை என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குறை இருக்கிறது, அது இருக்கும் இடமும் தெரியும்: மரை. ஷேவ் முடிந்ததும் ரேசரைக் கழற்றாமல் ஈரத்தோடு அப்படியே போட்டுவைக்கிறவர்கள் வீட்டில் பாருங்கள். மூடியின் தண்டில் மரையோரம் முலாம் தேய்ந்து, வெள்ளைப் பொடி பூத்திருக்கும். போதாக்குறைக்குக் குழாய் முறுக்குகிற மாதிரி முறுக்குவார்கள். ஒருநாள் தண்டு முறிந்து கைப்பிடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டீல் தண்டு இப்படி முறியாது. ஸ்டீலுக்குச் சாதகமாக இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தண்டு எவ்வளவு காலம் தாங்கும் என்ற பிரச்சினை. முறிகிற நாள் வரைக்கும் அந்தத் தலை ஸ்டீல் தலைக்குச் சளைக்காமல் ஷேவ் செய்துகொண்டுதான் இருந்தது. கழற்றி, உதறி, காயவைத்தால் அந்த நாளும் வெகுதூரம் தள்ளிப்போகும்.

ஸ்டீல் ரேசர் என்றாலே கெட்டியான கம்பியை அப்படியே கடைந்து எடுத்தது என்று ஒரு நம்பிக்கை வேறு. பலவும் அப்படி இல்லை. ராக்வெல் 6எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொடியைப் பிசினோடு பிசைந்து, அச்சில் செலுத்தி, பிறகு உலையில் சுட்டு எடுப்பது. சுடும்போது துண்டு கணிசமாகச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சு செய்திருப்பார்கள். சாமர்த்தியமான தொழில்நுட்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் ஒரு வகையில் அச்சில் வார்ப்பதுதான். ஜமாக்கை வார்ப்பு என்று இகழ்ந்துவிட்டு இதைக் கும்பிடுவதற்கு என்ன நியாயம்?

டைட்டானியத்துக்கு வாருங்கள். ஹென்சன் கம்பெனியே ஏஎல்13-இன் தலை அமைப்பை டைட்டானியத்தில் செய்து, டிஐ22 என்று சில மடங்கு விலைக்கு விற்கிறது. டைட்டானியத்தைக் கடைவது சிரமம். கருவி சீக்கிரம் மழுங்கும், சூடாகும், நேரம் பிடிக்கும். அந்த விலை வந்த வழி புரிகிறது. ஆனால் அந்தச் சிரமம் எல்லாம் பட்டறைக்காரர் பட்டது. உங்கள் தாடைக்கு அதில் பங்கு இல்லை. வெட்டுகிற பிளேடு ஒன்றுதான், அதை வளைக்கிற வளைவு ஒன்றுதான். அமெரிக்காவின் பிளாக்லேண்ட் கம்பெனி தன் பிளாக்பேர்டு ரேசரை ஸ்டீல், டைட்டானியம், பித்தளை என்று செய்திருக்கிறது. பிடித்ததை வாங்கலாம், தடையில்லை. உலோகம் மாறினால் ஷேவ் ஒரு படி உயரும் என்று மட்டும் யாரும் சொல்லாமல் இருந்தால் போதும். 1930-களில் ஜெர்மனியில் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கிலேயே ரேசர் வார்த்திருக்கிறார்கள். அவற்றிலும் ஜனங்கள் நன்றாகத்தான் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

பளபளப்பைப் பற்றித்தான் எனக்குக் கோபமே அதிகம். கடைந்த ரேசரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "கருவி ஓடிய கோடு தெரிகிறது, இது என்ன வேலைப்பாடு" என்று குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கடைசல் கோடு என்பது துண்டு எப்படிப் பிறந்ததோ அப்படியே இருப்பதன் அடையாளம். அதை அழிக்க வேண்டுமானால் பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்க வேண்டும். துணிச் சக்கரம் தட்டையான இடத்தைத் தேய்ப்பதைவிட ஓரங்களைத்தான் ஆசையாகத் தேய்க்கும். பிடிக்கிற கை ஒரு பக்கம் சற்று அழுத்தினால் அந்தப் பக்கம் ஓரம் கூடுதலாக மழுங்கும். நூறில் மூன்று மில்லிமீட்டருக்கு அடித்துக்கொள்கிற இடத்தில், அழகுக்காக உலோகத்தைக் கையால் தேய்த்து எடுக்கச் சொல்கிறோம்! தேய்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, பிசிர். தோல் படும் தடுப்பின் ஓரத்தில் பிசிர் இருக்கக் கூடாது. அதை எடுத்த பிறகு மீதி எல்லாம் கண்காட்சிக்கு.

கைப்பிடிக்கு வந்தால் கூத்து இன்னும் கூடுகிறது. சோப்பு நுரை பட்ட விரல் மினுக்கிய குரோமில் நிற்காது. பழைய ஜில்லெட், பழைய மெர்க்கூர் எதை எடுத்தாலும் கைப்பிடியில் சொரசொரப்பாக நர்லிங் போட்டிருப்பார்கள். இன்றைய விலை உயர்ந்த ரேசர்கள் பலவற்றில் அது பேருக்குத்தான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை, வழவழவென்று தூண் மாதிரி நிற்கிறது. இன்னும் சிலர் கைப்பிடியை நீளவாக்கில் குடைந்து எலும்புக்கூடு மாதிரி செய்கிறார்கள். படத்தில் அள்ளும். அந்தச் சந்துகளில் சேரும் சோப்பு அழுக்கைக் குடைந்து எடுக்கப் பல்குத்தும் குச்சி வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் ஒரு வாரம் புழங்கினால் முகம் பார்க்கும் மினுக்கின் மேல் உப்புப் படலம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படியும். பளபளப்புக்குக் காசு கொடுத்தவர் பிறகு எலுமிச்சம்பழமும் துணியுமாக உட்கார்ந்திருப்பார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குளறுபடி பிளேடின் இரண்டு முனைகள். இறுக்கிய பிறகு பிளேடின் குறுக்கு ஓரங்கள் மூடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் காதோரத்தில் கிள்ளும், கழற்றும்போது விரலைப் பதம் பார்க்கும். ஆர்89-இன் மூடி இந்த முனைகளை மூடிவிடுகிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சில ரேசர்கள், தலை சிறிதாக, கச்சிதமாகத் தெரிய வேண்டும் என்று அவற்றைத் திறந்தே விட்டிருக்கின்றன. தோற்றத்துக்காகப் புழக்கத்தை விட்டுக்கொடுத்ததற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி ஆயுள். "பேரன் காலம் வரைக்கும்" என்ற வாதத்தைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தாத்தா காலத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கும் ரேசர்கள் எவை? ஜில்லெட்டின் ரேசர் சந்தைக்கு வந்த முதல் வருஷமான 1903-இல் விற்றவை 51 ரேசரும் 168 பிளேடும். 1904-இல் காப்புரிமை கிடைத்தது. விலை ஐந்து டாலர். அன்றைக்கு அது பெரிய காசு. பித்தளையில் செய்து வெள்ளி முலாம் பூசியது. 1921-இல் காப்புரிமை காலாவதியானதும், பழைய மாதிரியை ஒரு டாலருக்கு இறக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, முதல் உலகப்போரின் கடைசியில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3.2 கோடி பிளேடும் வாங்கியிருந்தது. 1930-களின் இறுதியில் வந்த ஜில்லெட் டெக் இன்னும் எளிமை: அடித்தட்டு, பித்தளைத் தகட்டை அச்சில் அடித்து எடுத்தது. லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய, சாமானியர் வாங்கிய, கனமில்லாத பொருள்.

இந்தப் பித்தளை ரேசர்கள்தான் இன்றைக்கும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. முலாம் தேய்ந்து மஞ்சள் தெரியும். துலக்கி, இன்று வாங்கிய பனாமா பிளேடோ 7 ஓ'கிளாக் பிளேடோ மாட்டினால் மறுபேச்சில்லாமல் ஷேவ் செய்யும். எண்பது, நூறு வருஷத் தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டவை இவை. இன்றைய முழு ஸ்டீல் ரேசர் நூறு வருஷம் வரும் என்பது கணிப்பு. வரலாம், வரும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நூறு வருஷம் வருவதற்கு முழு ஸ்டீல்தான் வேண்டும் என்பதை, முலாம் பூசிய பித்தளை பொய்யாக்கிப் பல காலம் ஆகிவிட்டது.

அதோடு, ஷேவிங் செட்டில் தேய்ந்து போவது எது? பிளேடு. எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். விளிம்பு சீராகத் தேய்ந்து மழுங்குவதில்லை; எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில், முடி சாய்வாக வந்து வளையும்போது, பொடிப்பொடியாகச் சில்லு பெயர்கிறது என்று கண்டார்கள். சில ஷேவுக்கு ஒருமுறை தூக்கி எறியும் அந்தச் சில ரூபாய்த் தகடுதான் வெட்டுகிறது. பேரனுக்கு ரேசரை எழுதிவைப்பவர், அவன் காலத்தில் பிளேடு விற்கும் கடை இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு எதிர்முகாமில் போய் உட்கார்ந்துகொண்டு, "அப்படியானால் பிளேடுதான் எல்லாம், ரேசர் எதுவானால் என்ன, தெருவோரக் கடையில் அம்பது ரூபாய்க்கு வாங்கியது போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. அம்பது ரூபாய் ரேசரில் பிளேடை மாட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் வேறு வேறு மாதிரி உட்காரும். தலையைச் சரியாகச் செய்வதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். அந்தச் செலவு ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, விலை மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. ஆர்89-இன் தலையையே மரம், பிசின், பீங்கான் என்று வெவ்வேறு கைப்பிடிகளில் பொருத்தி வெவ்வேறு விலைக்கு அதே மியூலே விற்கிறது. இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் ரேசரிலும் கிட்டத்தட்ட இதே தலைதான். பீங்கான் கைப்பிடிக்குக் கொடுத்த காசு பீங்கானுக்குக் கொடுத்த காசு.

அழகுக்காக வாங்குவது குற்றமா? இல்லவே இல்லை. காலையில் கையில் எடுக்கிற பொருள் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது மனித சுபாவம். வெள்ளி முலாம் பூசி, வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்து ஜில்லெட்டே விற்றிருக்கிறார். எனக்கும் மெர்க்கூர் 34சி-யின் குட்டையான, தடித்த வடிவம் பிடிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நகை வாங்குகிறவர் நகை என்று சொல்லி வாங்குகிறார், கழுத்து வலிக்கு நல்லது என்று சொல்வதில்லை. டைட்டானியம் ரேசர் வாங்குகிறவரும் அந்த நேர்மையோடு வாங்கட்டும். அவர் தன் ஆசைக்கு நியாயம் கற்பிக்கப் போய், முதல் ரேசர் வாங்க வந்த காலேஜ் பையனிடம் "முழு ஸ்டீல் இல்லையென்றால் வாங்கவே வாங்காதே" என்று சொல்லும்போதுதான் அது வில்லங்கமாகிறது. அவன் ஒன்று பயந்து கார்ட்ரிட்ஜுக்கே திரும்புகிறான், அல்லது கடன் வாங்கிக் கனத்தைச் சுமக்கிறான்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுதான். பிளேடை மாட்டச் சொல்லுங்கள், இறுக்கிய பின் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு பக்கத்தையும் பாருங்கள். தடுப்புக்கு இணையாக, இரு பக்கமும் ஒரே அளவில் விளிம்பு தெரிகிறதா? கழற்றி மறுபடி மாட்டினாலும் அப்படியே உட்காருகிறதா? மரை தடங்கலில்லாமல் ஓடுகிறதா? ஈர விரலில் கைப்பிடி நிற்கிறதா? இவ்வளவும் சரியாக இருந்தால், அது என்ன உலோகம் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ரேசர் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் எத்தனை கிராம் என்று போடுகிறீர்கள், எந்த ரக ஸ்டீல் என்று போடுகிறீர்கள். இடைவெளி எவ்வளவு, பிளேடு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்ற இரண்டையும் மில்லிமீட்டரில் போடுங்கள். ஒருசிலர் ஏற்கெனவே சொல்கிறார்கள். சொல்ல முடியாத ரகசியம் ஒன்றும் அதில் இல்லை. வாங்குகிறவர்களே, அந்த இரண்டு எண்ணையும் சொல்ல மறுக்கிற ரேசர் எவ்வளவு கனமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.